அலமாரியில் தூங்கும் வன்தட்டு



ஜொகூர் மாநிலத்துக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதுப் பெயர் கிடைத்திருக்கிறது. தரவு மையங்களின் மாநிலம் என்கிறார்கள். 2019ஆம் ஆண்டு சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. 2022இல்தான் கட்டுப்பாடுகளோடு மறுபடியும் கதவைத் திறந்தது. அந்த இடைவெளியில் பெரிய நிறுவனங்களின் பார்வை பாலத்துக்கு இந்தப் பக்கம் திரும்பியது. நூசாஜெயா, செடெனாக், குலாய் என்று வரிசையாகக் கட்டடங்கள் எழுந்தன. 2023 டிசம்பரில் ஒய்டிஎல் நிறுவனமும் என்விடியா நிறுவனமும் கைகோத்த திட்டமும் குலாயில்தான் அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் ரப்பர் மரமும் செம்பனையும் நின்ற மண்ணில் இன்று உலகத்தின் கணக்குவழக்குகளும் படங்களும் கடிதங்களும் குடியிருக்கின்றன.

நல்ல செய்திதான். ஆனால் ஊர் வீட்டுப் பெட்டிக்கெல்லாம் காவல் இருப்பவர், தன் வீட்டுப் பெட்டியின் சாவியைத் தொலைத்துவிட்டால் எப்படி இருக்கும்? ஜொகூரில் எத்தனையோ வீடுகளின் அலமாரியிலும், பள்ளிக்கூட ஸ்டோர் அறையிலும், கோயில் அலுவலகத்தின் மூலையிலும் ஒரு பழைய கணினி தூசி படிந்து கிடக்கிறது. அதன் வயிற்றில் ஒரு வன்தட்டு இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்த வார அரங்கின் பொருள் அந்த வன்தட்டுதான்.

வன்தட்டும் ஜொகூரும்

வன்தட்டு என்பது எங்கோ அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த அந்நியப் பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக் கணினிக்கு ஏற்ற 5.25 அங்குல வன்தட்டு 1980இல்தான் முதன்முதலாக வெளிவந்தது. பின்னாளில் சியாகேட் என்று பெயர் பெற்ற நிறுவனம் அதைத் தயாரித்தது. கொள்ளளவு வெறும் 5 மெகாபைட். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கிற ஒரே ஒரு படத்துக்கே அந்த இடம் போதாமல் போகலாம். ஆனால் அன்று அதை வாங்குவதற்கு ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

அதே சியாகேட் 1982இல் சிங்கப்பூரில் ஆலையைத் திறந்தது. மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. 1990களில் உலகின் மிகப் பெரிய வன்தட்டு உற்பத்தி மையங்களில் ஒன்றாகச் சிங்கப்பூர் விளங்கியது. விடியற்காலையில் ஜொகூர் பாருவிலிருந்து தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் பாலத்தைக் கடந்த மின்னணுத் தொழிலாளர்களை ஜொகூர் மக்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிற்காலத்தில் சியாகேட் ஜொகூரிலேயே ஓர் ஆலை அமைத்து, வன்தட்டுக்கு உள்ளே சுழலும் அலுமினிய அடித்தட்டுகளைத் தயாரித்தது. ஆக, உலகம் முழுவதும் போன வன்தட்டுகளில் இந்தப் பக்கத்து மக்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

சேமநிதிப் பணத்தில் வந்த கணினி

வீட்டுக் கணினிகளில் பல தலைமுறைகள் உண்டு. 1977இல் வந்த ஆப்பிள் டூ, 1982இல் வந்த கொமோடோர் 64, சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஆகியவை முதல் தலைமுறை. ஒலிநாடாவிலும் டிஸ்கெட்டிலும் அவை வேலை செய்தன. வன்தட்டோடு அவை விற்பனைக்கு வரவில்லை. 1983இல் ஐபிஎம் எக்ஸ்டி என்ற கணினி 10 மெகாபைட் வன்தட்டோடு வந்தது. அதைப் பின்பற்றிய மலிவு விலைக் கணினிகள் கோலாலம்பூர் இம்பி பிளாசாவுக்கும் சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கத்துக்கும் வந்தபோதுதான் நடுத்தரக் குடும்பங்களுக்கும் சங்கங்களுக்கும் கணினி எட்டியது. பிறகு 286, 386, 486, பெண்டியம் என்று எண்கள் ஏறின. 2000ஆம் ஆண்டையொட்டி, ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்க உறுப்பினர்களுக்கு அனுமதி கிடைத்தது. பல தோட்டத்துப் பிள்ளைகள் முதன்முதலாக விசைப்பலகையைத் தொட்டது அப்படி வந்த கணினியில்தான். அந்தக் கணினிகளுக்கே இன்று 25 வயது ஆகிவிட்டது.

அவற்றில் என்ன தட்டச்சு செய்தார்கள்? பிள்ளைகளின் விளையாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர் அதில் இருக்கலாம். கோயில் கும்பாபிஷேக மலரும், திருப்பணிக்குக் கொடுத்தவர்களின் பெயர்ப்பட்டியலும் இருக்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதியாக மாறி, மக்கள் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் பாசிர் கூடாங்குக்கும் சிதறிப் போவதற்கு முன்னால், அந்தத் தோட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று இளைஞர் மன்றச் செயலாளர் எழுதி வைத்த பட்டியலும் இருக்கலாம். அச்சடித்த மலர் கரையானுக்குப் போயிருக்கும், வெள்ளத்துக்கும் போயிருக்கும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2023 மார்ச்சிலும் சிகாமட்டும் பத்து பகாட்டும் தண்ணீரில் நின்றன. காகிதம் போன இடத்தில் வன்தட்டு ஒன்றே மிஞ்சிய பிரதியாக இருக்கக்கூடும்.

20 மெகாபைட் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில் ஓர் எழுத்துக் குறிக்கு ஒரு பைட்தான் செலவு. பக்கத்துக்கு 2,000 குறிகள் என்று வைத்துக்கொண்டால், 20 மெகாபைட்டில் 10,000 பக்கம் எழுதலாம். ஒரு சங்கத்தின் முழு வரலாறும் அதில் அடங்கிவிடும்.

செத்துவிட்டதா, மறந்துவிட்டதா?

பழைய கணினியைத் தட்டிப் பார்க்கிறார்கள். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ பிழைச் செய்தி வருகிறது; வன்தட்டு கிடைக்கவில்லை என்கிறது. உடனே "டிஸ்க் போச்சுப்பா" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கணினி பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறிவிடுகிறது. பல நேரங்களில் இந்தத் தீர்ப்பு தவறு.

காரணம் இதுதான். 1984இல் ஐபிஎம் ஏடி வந்த காலத்திலிருந்து, கணினி தன்னிடம் எந்த வன்தட்டு இருக்கிறது என்ற விவரத்தைச் சிமோஸ் என்ற சிறு நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்த நினைவகம் ஒரு சின்ன மின்கலத்தின் தயவில் உயிர் வாழ்கிறது. மின்கலம் தீர்ந்துபோனால் நினைவகம் அழிந்துவிடும். வன்தட்டு நன்றாகவே இருக்கும். கணினிதான் அதன் முகவரியை மறந்திருக்கும். 386, 486 கணினிகளில் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய், 47ஆம் வகை போன்ற சொந்த விவரம் எழுதும் பகுதியில் மூன்று எண்களைத் தட்ட வேண்டும். சிலிண்டர் எத்தனை, தலை எத்தனை, செக்டர் எத்தனை என்பவையே அந்த எண்கள். பெரும்பாலும் வன்தட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளிலேயே அவை அச்சடிக்கப்பட்டிருக்கும். எண்களைச் சரியாகத் தட்டினால் 30 ஆண்டு தூங்கிய வன்தட்டு எழுந்து உட்காருவது உண்டு.

ஆனால் முதலில் செய்ய வேண்டிய வேலை மின்சாரத்தைத் தட்டுவது அல்ல. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பல்லி முட்டை, கரப்பான் எச்சம், ஈரத்தில் பிடித்த துரு எல்லாம் உள்ளே இருக்கும். 386, 486 காலத்துத் தாய்ப்பலகைகளில் பீப்பாய் வடிவ மின்கலம் ஒன்று ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கசிந்து பச்சை பூத்திருந்தால், சுற்றியுள்ள செப்புக் கோடுகளை அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை அகற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் மற்ற வேலை. வெளிநாட்டிலிருந்து வந்த கணினி என்றால் பின்பக்கம் 115, 230 என்று வோல்ட் மாற்றும் சாவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது 115இல் இருக்கும்போது இந்த நாட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் புகைதான் மிஞ்சும். மின்வழங்கியையும் பழைய திரைப்பெட்டியையும் பிரித்துக் கை வைக்கவே கூடாது. மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் அவற்றுக்குள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அந்த வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

பழைய கணினியே சாவி

வன்தட்டைக் கழற்றி, கடையில் விற்கும் யுஎஸ்பி இணைப்பியில் மாட்டி, புதிய மடிக்கணினியில் பார்த்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். வன்தட்டின் வயதைப் பொறுத்தது. 40 முள் கொண்ட ஐடிஇ வகை வன்தட்டு, 1990களின் பின்பாதியில் செய்தது என்றால் பெரும்பாலும் வேலை செய்யும். சேமநிதிப் பணத்தில் வந்த கணினிகள் இந்த வகைதான். அதற்கு முந்திய ஐடிஇ வன்தட்டுகள் பழைய முகவரி முறையில் மட்டுமே பேசத் தெரிந்தவை. இன்றைய இணைப்பிகளில் பலவற்றுக்கு அந்தப் பேச்சு புரிவதில்லை.

அதற்கும் முந்திய எக்ஸ்டி காலத்து வன்தட்டு முற்றிலும் வேறு ஜாதி. 34 முள்ளில் ஒரு பட்டைக்கம்பி, 20 முள்ளில் இன்னொரு பட்டைக்கம்பி என்று இரண்டு கம்பிகள் ஒரு கட்டுப்பாட்டு அட்டைக்குப் போகும். ஓர் அட்டை எழுதியதை இன்னொரு நிறுவனத்தின் அட்டை பெரும்பாலும் படிக்காது. ஆகவே அந்த வன்தட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அட்டையை எறிந்துவிட்டால், பெட்டியை வைத்துக்கொண்டு சாவியை ஆற்றில் போட்ட கதைதான். கணினி, அட்டை, கம்பி, வன்தட்டு எல்லாம் ஒரு குடும்பம். பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் பழைய கணினியின் மதிப்பு தெரிகிறது. பழம்பொருள் ஆசைக்காக மட்டும் அதை வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்த வன்தட்டைப் படிக்கத் தெரிந்த கருவி அது ஒன்றாகவே இருக்கலாம்.

அப்படியானால் உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவருவது எப்படி? ஐடிஇ கணினிக்கு ஓர் எளிய வழி உண்டு. பழைய கேமராக்களில் போடும் காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டை, ஐடிஇ வன்தட்டின் மொழியையே பேசும். இடையில் ஒரு மலிவான இணைப்பி போதும். கணினியின் பட்டைக்கம்பியில் இரண்டு இணைப்புகள் இருக்கும். பழைய வன்தட்டு முதல் தட்டாகவும், இந்த அட்டை இரண்டாம் தட்டாகவும் இருக்குமாறு பின்பக்கத்துச் சிறு குமிழ்களை மாற்றிப் போட வேண்டும். பட்டைக்கம்பியின் சிவப்புக் கோடு முதல் முள் பக்கம் இருக்க வேண்டும். பிறகு டாஸ் கட்டளையில் எக்ஸ்காப்பி என்று கொடுத்து முழுவதையும் அட்டைக்கு நகல் எடுத்துவிடலாம். அட்டையைக் கழற்றிப் புதிய கணினியில் செருகினால் 1992இல் தட்டச்சு செய்த கோப்பு 1992 தேதியோடு கண் முன்னால் நிற்கும்.

அட்டை வாங்கும்போது பெரிதாக வாங்கத் தேவையில்லை. 486 காலத்துப் பயாஸ் பலவற்றுக்கு 528 மில்லியன் பைட்டுக்கு மேல் எட்டாது. 1,024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர், செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் வருகிற எல்லை அது. அந்தக் காலத்து டாஸும் ஒரு பிரிவுக்கு 2 கிகாபைட்டைத் தாண்டாது. எக்ஸ்டி வகை வன்தட்டுகளுக்கும் வழி இல்லாமல் இல்லை. பீகிள்போன் என்ற சிறு கணினியோடு சேர்த்து, அவற்றின் காந்தத் தடத்தை அப்படியே படித்துப் பதிவு செய்யும் கருவியை ஆர்வலர்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் அது கைதேர்ந்தவர்களின் வேலை.

ஒரே ஒரு முறை

கிழட்டு வன்தட்டு ஓடத் தொடங்கினால், இதுவே கடைசி ஓட்டம் என்று நினைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். முதல் வேலை நகல் எடுப்பது. படம் பார்ப்பது, பழைய விளையாட்டைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் பிறகு. தட்டைச் சரிசெய்கிறேன் என்று சொல்லும் மென்பொருளை ஓட்டக் கூடாது. அது தட்டின் மேல் எழுதும். டக், டக் என்று திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். வன்தட்டைத் திறந்து பார்க்கவே கூடாது. உள்ளே எழுதும் தலை, தட்டுக்கு மேலே ஒரு தூசியின் உயரம்கூட இல்லாத இடைவெளியில் பறக்கிறது. ஒரு தூசி போதும், எல்லாம் போய்விடும். வெள்ளத்தில் நனைந்த வன்தட்டுக்கு மின்சாரம் கொடுக்கவும் கூடாது. வெயிலில் வைத்துச் சூடாக்கவும் கூடாது. அப்படியே நிபுணரிடம் கொண்டு போக வேண்டும்.

கணினி தேதி கேட்டால் மார்ச் 6 என்றும் ஏப்ரல் 26 என்றும் கொடுத்துவிடாதீர்கள். 1991இல் கண்டுபிடிக்கப்பட்ட மைக்கலேஞ்சலோ என்ற நச்சுநிரல் மார்ச் 6ஆம் தேதி வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்துவிடும். 1998இல் வந்த சிஐஎச் என்ற நச்சுநிரலுக்கு ஏப்ரல் 26 நாள். பழைய தட்டில் அந்தப் பேய்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

தமிழுக்கு இரண்டாவது பூட்டு

ஆங்கிலக் கோப்பு என்றால் இத்தோடு வேலை முடிந்தது. தமிழ்க் கோப்புக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலந்து கொட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்தவர்கள் உண்டு.

கோப்பு கெடவில்லை. 1980களிலும் 1990களிலும் தமிழுக்குப் பொதுவான குறியீட்டு முறை இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் முறையை உருவாக்கினார். தமிழ்நாட்டிலும் கனடாவிலும் வேறு வேறு முயற்சிகள் நடந்தன. ஒவ்வொருவரும் தமிழ் எழுத்தை ஒவ்வொரு எண்ணில் வைத்தார்கள். ஓர் எழுத்துருவில் "க" இருந்த எண்ணில் இன்னொன்றில் "மு" இருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. தாம், தாப், திஸ்கி என்ற முறைகளைத் தாண்டி, இன்று எல்லாக் கைப்பேசியிலும் யூனிகோட் இருக்கிறது. பழைய முறையில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றித்தரும் செயலிகளும் உண்டு.

ஆனால் மாற்ற வேண்டுமானால் எந்த எழுத்துருவில் எழுதினார்கள் என்று தெரிய வேண்டும். அதனால்தான் கடிதங்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் முழுத் தட்டையும் நகல் எடுக்கச் சொல்வது. எழுத்துருக் கோப்பும் தட்டச்சு மென்பொருளும் அதே தட்டில் பக்கத்திலேயே இருக்கும். பூட்டோடு சாவியையும் சேர்த்து எடுத்து வந்தால்தான் வீட்டைத் திறக்க முடியும்.

யார் செய்வது?

இந்த வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் போதும். பழைய கணினியில் டாஸ் கட்டளை தட்டிப் பழகிய 50, 60 வயதுக்காரர் ஒருவர்; கை நடுங்காமல் திருப்புளி பிடிக்கும் இளைஞர் ஒருவர். முன்னாள் ஆசிரியரும் பழைய மாணவரும் சனிக்கிழமை காலையில் பள்ளியில் உட்கார்ந்தால் ஒரு கணினியைப் பார்த்துவிடலாம். "ஐயா, இந்தக் கோப்பில் இருப்பது யார் பெயர்?" என்று மாணவர் கேட்கும்போது பதில் சொல்ல ஐயா பக்கத்தில் இருப்பார். இன்னும் 10 ஆண்டு கழித்து வன்தட்டும் ஓடாது. பதில் சொல்லும் ஐயாவும் இருப்பாரோ இல்லையோ.

எடுத்த நகலை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. ஒன்று பள்ளியில், ஒன்று நிர்வாகி வீட்டில், ஒன்று வேறு ஊரில் என்று மூன்று இடத்தில் இருக்கட்டும். கோத்தா திங்கியில் தண்ணீர் ஏறினாலும் குளுவாங்கில் ஒரு பிரதி காய்ந்த இடத்தில் இருக்கும். உறுப்பினர்களின் அடையாள அட்டை எண், முகவரி போன்றவை அதில் இருந்தால் பொதுவில் போடாமல் காக்கவும் வேண்டும். பழைய கணினியைக் கழிக்க முடிவு செய்தாலும், வன்தட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளாமல் லாரியில் ஏற்றுவது வீட்டுப் பத்திரத்தைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

நேயர்களே, உலகத்தின் தரவுகளைக் காக்கக் குலாயில் காவலாளியும் குளிரூட்டியும் இரவு பகலாக இருக்கின்றன. தோட்டத்துப் பள்ளியின் பெயர்ப்பட்டியலைக் காக்க எந்த நிறுவனமும் கட்டடம் கட்டப்போவதில்லை. அதை அந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான் செய்ய வேண்டும். இந்த வாரம் அலமாரியைத் திறந்து பாருங்கள். கணினி இருந்தால் உடனே தட்டிவிடாமல், தூசியைத் துடைத்து, மேலே ஒரு தாள் ஒட்டி, எந்த ஆண்டு, யார் பயன்படுத்தியது, என்ன எழுதினார்கள் என்று தெரிந்தவரைக் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்றும் அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார்கள்.